டெல்டா வண்டுகள்: கேட்டதும் சொன்னதும்

தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கத்து வயல்களில் பார்த்த வண்டுகள் பற்றி வந்த கேள்விகள் இவை.

கே: சார், இது வண்டா, நாவாய்ப்பூச்சியா? எனக்கு அதுவே குழப்பம்.

ப: முதுகைப் பாருங்கள். வண்டின் முன்சிறகுகள் கெட்டி ஓடாகி நட்டநடுவே நேர்கோட்டில் சேரும். நாவாய்ப்பூச்சிக்கு அவை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக மடியும். வாயும் வேறு: வண்டு கடிக்கும், அது உறிஞ்சும்.

கே: நன்மை செய்யும் பூச்சி என்று கத்தரியில் பொறிவண்டை விட்டுவைத்தேன். இலையெல்லாம் சல்லடை!

ப: நானும் ஏமாந்தவன்தான். உங்களிடம் இருப்பது எபிலாக்னா, இலை தின்னும் பொறிவண்டு. 28 புள்ளி என்பார்கள். எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள், புள்ளி கூடும், குறையும். பளபளப்பைப் பாருங்கள். செடிச் சாற்றை உறிஞ்சும் அசுவினியைத் தின்னும் நல்ல பொறிவண்டு எண்ணெய் தடவியதுபோல மின்னும். இதன் மேல் மெல்லிய ரோமம் இருப்பதால் மங்கலாகத் தெரியும். புழு இன்னும் சுலபம்: மஞ்சள் நிறம், உடம்பெல்லாம் கிளைவிட்ட முள், இலைக்கு அடியில் பச்சையைச் சுரண்டிக்கொண்டிருக்கும். நல்லதன் புழு கறுப்பாக, குட்டி முதலைபோல அசுவினிக் கூட்டத்தில் திரியும். இலையடியில் மஞ்சள் முட்டைக் குவியல் கண்டால் நசுக்கிவிடுங்கள்.

கே: அண்ணா, கறுப்பு வண்டு, முதுகில் ஆறு வெள்ளைப் புள்ளி. தொட்டதும் எதையோ பீய்ச்சியது, கை எரிகிறது.

ப: முதலில் கையை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், கண்ணைத் தொடாதீர்கள். அது ஆன்தியா, பறக்காத தரைவண்டு. பீய்ச்சியது ஃபார்மிக் அமிலம். மற்ற பூச்சிகளைப் பிடித்துத் தின்னும், கொல்ல வேண்டாம். இதற்கும் அந்தக் கத்தரி வண்டுக்கும் முதலில் அறிவியல் பெயர் வைத்தவர் ஒருவரே: உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த லின்னேயசின் மாணவர் ஃபாப்ரீசியஸ், 1775இல். இன்னொரு மாணவரான கோனிக் அதற்கு முன்பே, 1768இல், நம்ம தரங்கம்பாடிக்கு வந்துவிட்டார்!

கே: ஒரு போட்டோ போதுமா, பெயர் சொல்ல?

ப: பெரும்பாலும் போதாது. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, உணர்கொம்பு தெளிவாக ஒன்று. எந்தச் செடியில், எந்த மாதம் என்றும் எழுதுங்கள். அப்படியும் பல வண்டுகளுக்குப் பேரினம் வரைதான் சொல்வேன்.

கே: சின்ன வயதில் தீப்பெட்டியில் கொடுக்காப்புளி இலை போட்டுப் பொன்வண்டு வளர்த்தோம். முட்டை இட்டது, குஞ்சு மட்டும் வரவே இல்லை. ஏன் சார்?

ப: நாங்களும்தான் தினம் திறந்து பார்த்தோம்! அது மண்ணில் முட்டையிடும். புழு மண்ணுக்குள் வேரைத் தின்று வளரும். தீப்பெட்டியில் வேருக்கு எங்கே போகும்?