வேலை கிடைத்து ஜூனில் ஆஸ்திரேலியா போகிறேன். கடலூரில் அம்மா விட்டுப்போன வீட்டையும் சாமான்களையும் விற்றுவிட்டுப் போவதா, பூட்டி வைத்துவிட்டுப் போவதா?

விற்றுவிடுங்கள். ஜூன் வரை இழுக்காமல் மார்ச் 31-க்குள் பத்திரம் பதிவாகிவிட வேண்டும். காரணம் கீழே சொல்கிறேன்.

"அம்மா வீட்டை விற்கச் சொல்ல எப்படி மனசு வருகிறது" என்று கேட்க நான்கு பேர் வருவார்கள், தெரியும். என்னையும் கேட்டார்கள். 2018-ல் கடலூர் புதுப்பாளையத்தில் எங்கள் அம்மா வீட்டை விற்றுவிட்டுத்தான் நான் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்கு வந்தேன். அப்பா போனபிறகு அம்மா ஜாக்கெட் தைத்துச் சேர்த்த காசில் வாங்கிய மனை, தைத்தே கட்டிய வீடு. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் அடித்தபோது நானும் அம்மாவும் அந்த வீட்டு நடு அறையில்தான் உட்கார்ந்திருந்தோம். வெளியே வந்து பார்த்தால் தென்னை இரண்டும் முருங்கையும் சாய்ந்து கிடந்தன. அந்த வீட்டின் அருமையை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரை ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடு என்ன ஆகும் என்று பார்த்தவள் என்பதால்தான் விற்றேன். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடித்துப் பொரிந்து கொட்டும். இரண்டு மழைக்காலம் ஆள் இல்லாவிட்டால் சுவர் ஓதம் ஏறிவிடும்.

இப்போது மார்ச் 31 கணக்கு. வேலைக்காக வெளிநாடு போகிறவர் அந்த நிதியாண்டில் (ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை) இந்தியாவில் 182 நாள் இருந்திருக்காவிட்டால், வரிக் கணக்கில் அந்த ஆண்டு முழுக்க வெளிநாடுவாழ்வோர்தான். நீங்கள் ஜூனில் கிளம்பினால் ஏப்ரல், மே மாதம் ஊரில் இருந்து கையெழுத்துப் போட்டாலும் அதே கதிதான். உள்ளூரில், அதாவது இந்தியாவில், குடியிருப்பவர் விற்றால், விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வாங்குபவர் 1 சதவீதம் மட்டும் பிடித்துக் கட்டுவார். வெளிநாடுவாழ்வோர் விற்றால் நீண்டகால லாபத்தில் என் காலத்தில் 20 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீதம், வரிக்கு மேல் போடும் செஸ் தனி. லாபம் எவ்வளவு என்று வாங்குபவருக்குத் தெரியாது. வரி அலுவலகத்தில் குறைந்த பிடித்தத்துக்குச் சான்று வாங்கித் தராவிட்டால், பயந்துகொண்டு மொத்த விலைக்கும் பிடித்துவிடுவார்கள். இன்னொன்று: அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீட்டுக்கு, வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிட்டு 20 சதவீதமா, அது இல்லாமல் 12.5-ஆ, எது குறைவோ அதைக் கட்டும் வசதி உள்ளூர்க்காரருக்கு உண்டு, வெளிநாடுவாழ்வோருக்குக் கிடையாது. நான் நவம்பரில் பதிந்து ஜனவரியில் விமானம் ஏறினேன். இதையெல்லாம் சொன்னது எங்கள் ஆடிட்டர். அவர் இல்லாவிட்டால் நானும் கோட்டை விட்டிருப்பேன். உங்கள் கணக்கை ஒரு ஆடிட்டரிடம் காட்டிவிட்டே அட்வான்ஸ் வாங்குங்கள்.

அதற்கும் முன்னால் பட்டா. அம்மா வீட்டுக்கு மூலப்பத்திரம் சரியாக இருந்தது, வில்லங்கத்தில் ஒன்றும் இல்லை. பட்டா மட்டும் மனை விற்றவர் பேரிலேயே இருந்தது. அம்மா பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டியதோடு சரி. வாரிசுச் சான்று வாங்கி, பட்டாவை என் பேருக்கும் தம்பி பேருக்கும் மாற்ற நான்கு மாதம் ஆனது. மார்கழியிலும் ஆடியிலும் கிரயம் பதிய ஆள் வரமாட்டார்கள். அதையும் கழித்துக்கொண்டு நாளை எண்ணுங்கள். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

முதலில் வந்தவர் 58 லட்சம் தருவதாகச் சொன்னார். புரோக்கர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பத்திரத்துல 22 போட்டுக்கலாம்மா, மீதியைக் கையில வாங்கிக்குங்க. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க" என்றார். நான் மாட்டேன் என்றேன். ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம் போடலாம். அதை விடுங்கள், அந்த நோட்டுக்கட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெளிநாட்டுக்கு நேர்வழியில் அனுப்ப முடியாது. கடைசியில் நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், 51 லட்சத்தையும் வங்கி வழியாகவே கொடுத்து வாங்கினார். 51,000 வரி பிடித்தது போக மீதி கணக்கில் ஏறியது. "ஏழு லட்சத்தை விட்டுட்டியே" என்று மாமா இன்றைக்கும் சொல்கிறார். நான் செய்தது சரிதான். இங்கே வந்ததும் சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ்வோர் இந்தியாவில் வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிவிட்டேன். அதிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை உரிய படிவங்களோடு வெளியே எடுத்துப்போகலாம். நம் பணத்துக்கு அது தாராளம்.

விலை குறைந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அம்மா கட்டும்போது தெருவிலிருந்து நான்கு படி ஏறி வீட்டுக்குள் வரவேண்டும். நான் விற்கும்போது ஒரே படி. வீடு இறங்கவில்லை, ரோடு ஏறிவிட்டது. ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புது ரோடு போட்டார்கள். 2015 மழையில் சாக்கடைத் தண்ணீர் கூடத்துக்குள் வந்தது, எழுபது வயசில் அம்மா முறத்தால் வாரி வாரி வெளியே ஊற்றினார். எத்தனை மனு எழுதினோம்! ஒரு பொம்பளை தைத்துத் தைத்துக் கட்டிய வீட்டைப் பள்ளமாக்கிவிட்டு ஒருவரும் பதில் சொல்லவில்லையே என்பது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. வீடு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் பார்த்தது அந்தப் படியைத்தான்.

சாமான் விஷயத்தில் நான் தப்பு செய்தேன். தை பிறந்ததும் பால் காய்ச்ச வேண்டும் என்று வாங்கியவர் சொல்லிவிட்டார். மூன்று வாரத்தில் வீட்டைக் காலி செய்தேன். அண்டா, தவலை எல்லாம் பாத்திரக்கடையில் எடைக்கு. பீரோவும் கட்டிலும் தம்பிக்கு. மரப்பாச்சி ஜோடியை மட்டும் கையோடு எடுத்துவந்து, ஆஸ்திரேலியாவில் இறங்கியதும் மரச்சாமான் என்று அறிவித்துக் காட்டினேன், விட்டார்கள். பூச்சி அரித்த மரத்தை விடமாட்டார்கள், பார்த்து எடுத்துவாருங்கள்.

அம்மாவின் கால்மிஷினைக் காயலான் கடைக்குப் போட்டேன். எழுநூறு ரூபாய். ஓரமாகப் பெருவிரல் பட்டுப் பட்டு, மிதியில் அந்த இடம் மட்டும் பெயிண்ட் போய்ப் பளபளவென்று இருக்கும். டிராயரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பாபின், சாக்கட்டி, தெருவில் இருந்த அத்தனை பெண்களின் அளவும் எழுதிய நாற்பது பக்க நோட்டு, எல்லாம் அதோடு போயிற்று.

மறுநாள் எதிர்வீட்டுச் சித்தி வந்து வாசலிலேயே நின்றார். "ஏம்மா, அக்கா மிஷினை இரும்புக்குப் போட்டுட்டியாமே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? ஜாக்கெட் வெட்ட அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்த மிஷின்லதானே." உடனே ஆட்டோ பிடித்துக் கடைக்கு ஓடினேன். தலையைக் கழற்றி எடுத்துவிட்டு இரும்புக் காலை உடைத்திருந்தார்கள். டிராயர் எங்கே என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. சித்தியிடம் திரும்பிப் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் காயலான் கடைக்காரரைக் கூப்பிடும் முன் தெருவில் இருப்பவர்களை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். உங்கள் அம்மாவின் சாமானில் யாருக்கு எது வேண்டும் என்று அவர்கள் வாயாலேயே கேளுங்கள். டிராயர்களை எல்லாம் நீங்களே திறந்து பாருங்கள். பட்டா யார் பேரில் இருக்கிறது என்பதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.