டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டால் குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா?

வரும். பாலுறவு நாட்டம் குறைந்துவிட்டது என்று இந்த ஊசியைத் தேடுபவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லியாக வேண்டும். வெளியிலிருந்து இந்த ஆண் ஹார்மோன் வந்ததும், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, விரைகளைத் தூண்டும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன்களைச் சுரப்பதைக் குறைத்துவிடும். அவற்றின் தூண்டுதல் இல்லாமல் விரைகள் வேலையைக் கைவிடுகின்றன. விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் வரைகூட இறங்கலாம். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு மீளும், ஆனால் பல மாதங்கள் ஆகும். சிலருக்கு ஓராண்டுக்கும் மேல்.

உண்மையிலேயே டெஸ்டோஸ்டிரோன் குறைபாடுதானா என்று பாருங்கள். வெவ்வேறு இரு நாட்களில், காலையில் ரத்தப் பரிசோதனை வேண்டும். டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழ் என்பது பரவலாகக் கொள்ளப்படும் வரம்பு. தூக்கக் குறைவு, உடல் பருமன், சில மனச்சோர்வு மாத்திரைகள்கூட நாட்டத்தைக் குறைக்கும். குழந்தை வேண்டுமென்றால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உடலின் சொந்தச் சுரப்பைத் தூண்டும் குளோமிஃபீன், எச்.சி.ஜி. போன்ற மருந்துகளை அவர் பரிசீலிப்பார்.