மாயக்கதைத் தொடரைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா? கேள்வி பதில்

கோடை விடுமுறையை ஒட்டிப் புதுச்சேரி, கடலூர் பெற்றோர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பள்ளி நூலகராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் அளித்த பதில்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு தாய்: என் மகளுக்கு எட்டு வயது. அவளுடைய பெரியப்பா மகள் படிப்பதைப் பார்த்துவிட்டு, ஹாரி பாட்டர் ஏழு பாகங்களையும் கேட்கிறாள். வாங்கித் தரலாமா அம்மா?

ஏழையும் சேர்த்து வாங்காதீர்கள். முதல் பாகம் 1997-இலும் ஏழாம் பாகம் 2007-இலும் வெளிவந்தன. அன்று பதினொரு வயதில் படிக்கத் தொடங்கிய பிள்ளை இருபத்தொரு வயதில்தான் முடிவை அறிந்தது. கதாநாயகனும் பதினொன்றிலிருந்து பதினேழு வரை வளர்கிறான். அவனோடு சேர்ந்து கதையின் இருளும் அடர்கிறது. பத்தாண்டு காத்திருப்பை இன்று ஒரே விடுமுறையில் முடித்துவிட முடிவதுதான் சிக்கல். பிரிட்டனில் வந்த முதல் பதிப்பில் முதல் பாகம் 223 பக்கம், ஐந்தாம் பாகம் 766 பக்கம். அந்தத் தடிமனே ஓர் எச்சரிக்கைதான்.

முதல் இரண்டு பாகங்களை இரவில் நீங்களே வாசித்துக் காட்டலாம். மனிதரின் மகிழ்ச்சியை உறிஞ்சிவிடும் சிறைக்காவலர்கள் வரும் மூன்றாம் பாகத்துக்குப் பத்து வயதாவது ஆகட்டும். நான்காம் பாகத்தின் இறுதிப் பகுதியில், எந்தத் தவறும் செய்யாத ஒரு மாணவன் கண்ணிமைக்கும் நேரத்தில் கொல்லப்படுகிறான். அந்த இடத்தை நீங்கள் முதலில் படித்த பிறகே அவள் கையில் கொடுங்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு தந்தை: நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். சூனியமும் மந்திரமும் வரும் கதை வீட்டுக்குள் கூடாது என்கிறார் என் தாயார்.

இந்தத் தயக்கம் உங்கள் வீட்டில் மட்டும் எழுந்தது அன்று. 2000 முதல் 2009 வரை அதிக ஆட்சேபத்துக்கு உள்ளான நூல்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் தொகுத்த பட்டியலில் ஹாரி பாட்டர் தொடரே முதலிடம் பெற்றது. பெரியவர்களின் அச்சத்தைக் கேலி செய்து ஒதுக்க நான் விரும்பவில்லை. ஆனால், கதையில் மந்திரம் வழிபாடாக வருகிறதா, வெறும் கருவியாக வருகிறதா என்று பார்க்கலாம். அத்தொடரில் எந்த ஆவியையும் யாரும் வணங்குவதில்லை. நாம் கேட்டு வளர்ந்த கூடுவிட்டுக் கூடு பாயும் கதைகளைப் போல, அங்கே மந்திரம் ஒரு வித்தை, அவ்வளவுதான். அப்போதும் மனம் ஒப்பவில்லையென்றால், சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா தொடரைக் கொடுங்கள். குற்றம் செய்த சிறுவனுக்காகத் தன் உயிரைக் கொடுத்து மீண்டெழும் சிங்கத்தை உங்கள் தாயார் உடனே அடையாளம் கண்டுகொள்வார். அதிலும் ஒரு சூனியக்காரி உண்டு என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்!

அதே தந்தை: நார்னியாவை எந்தப் பாகத்திலிருந்து தொடங்குவது?

1950-இல் முதலில் வந்த, அலமாரி வழியாகக் குழந்தைகள் வேற்றுலகம் நுழையும் பாகத்திலிருந்து தொடங்குங்கள். 1955-இல் வந்த பாகம் கதைக்காலத்தில் முந்தியது என்பதால் சில பதிப்புகள் அதற்கு ஒன்று என எண்ணிட்டிருக்கின்றன. அதில் வரும் விளக்கத்தை முதலில் படித்துவிட்டால், பனிக்காட்டின் நடுவே தனியாக எரியும் விளக்குக் கம்பம் தரும் வியப்பு போய்விடும்.

வில்லியனூரிலிருந்து ஒரு தாய்: பத்து வயது மகன் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். பெர்சி ஜாக்சன் கதைத் தொடரைக் கேட்கிறான். அரக்கர்களை வெட்டும் கதை என்கிறார்களே?

உங்கள் மகன் சரியாகவே தேர்ந்தெடுத்திருக்கிறான். கற்றல் குறைபாடும் கவனக்குறைபாடும் உள்ள தம் மகனுக்காக ரிக் ரையர்டன் சொல்லத் தொடங்கிய கதை அது. எழுத்துகள் குழம்பித் தெரியும் பன்னிரண்டு வயதுச் சிறுவன்தான் அதில் வீரன். அரக்கர்கள் வெட்டுப்பட்டதும் பொடியாகிவிடுவதால், அந்தச் சண்டைகள் குழந்தைகளை அவ்வளவாக உறுத்துவதில்லை. பெற்றோர்கள் கவனிக்காமல் விடுவது வேறொன்று: 2005-இல் வந்த முதல் பாகத்தில், மாற்றாந்தந்தை தாயை அடிப்பவன் என்பது தெரியவருகிறது, அவனுக்கு நேரும் முடிவும் கடுமையானது. எந்த அரக்கனையும்விட அந்த மனிதனைப் பற்றித்தான் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு நீங்கள் ஆயத்தமாக இருங்கள்.

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தந்தை: என் அப்பா இறந்து மூன்று மாதம் ஆகிறது. ஒன்பது வயது மகள் அவரிடமே வளர்ந்தவள். சாவு வரும் கதைகளை இப்போது தவிர்க்க வேண்டுமா?

முற்றிலும் தவிர்க்க வேண்டியதில்லை. மாயக்கதைகளின் நாயகர்களில் பலர் பெற்றோரை இழந்தவர்களே. ஆனால், ஹாரி பாட்டர் முதல் பாகத்தில் ஒரு கண்ணாடி வருகிறது. இறந்துபோன தாய் தந்தையர் அதில் தெரிவதால், சிறுவன் இரவுதோறும் அதன் முன்னால் போய் அமர்கிறான். அந்த அத்தியாயம் உங்கள் மகளுக்கு ஆறுதலாகவும் அமையலாம், ஆறாத புண்ணைக் கீறவும் செய்யலாம். ஆகவே அந்தப் பாகத்தை அவள் தனியாகப் படிக்க விடாதீர்கள். அந்தப் பக்கத்தையே அவள் திரும்பத் திரும்பப் புரட்டினால், புத்தகத்தைப் பிடுங்காமல் அருகில் அமர்ந்து, தாத்தாவைப் பற்றி நீங்கள் முதலில் பேசத் தொடங்குங்கள்.