அதே ஐ.எஸ்.ஓ., படம் மட்டும் ஏன் இருட்டு?

கேள்வி: என் கேமராவிலும் தம்பியின் கேமராவிலும் (வேறு கம்பெனி) ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 4, நூறில் ஒரு நொடி என்று ஒரே மாதிரி வைத்து எடுத்தால் என் படம் சற்று இருட்டாக வருகிறது. கேமராக்களைச் சோதித்து மதிப்பிடும் டி.எக்ஸ்.ஓ. மார்க் தளத்தில் பார்த்தால் பல கேமராக்களுக்கு அளந்து கண்ட ஐ.எஸ்.ஓ., கேமராவில் போட்டிருப்பதைவிடக் குறைவு. கம்பெனிகள் ஏமாற்றுகின்றனவா?

பதில்: இல்லை. கேமராவின் ஒளி உணர்திறனைச் சொல்லும் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கு ஐ.எஸ்.ஓ. 12232 என்ற தரவிதி 1998இல் வந்தது. அதிலேயே அளக்கும் முறை ஒன்றுக்கு மேல் இருக்கிறது, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு முறையில், எவ்வளவு வெளிச்சம் விழுந்தால் சென்சார் நிரம்பி வெறும் வெள்ளையாகிவிடுகிறது என்று லக்ஸ்-நொடி என்ற ஒளி அலகில் அளந்து, 78ஐ அதால் வகுப்பார்கள். 0.78இல் நிரம்பினால் ஐ.எஸ்.ஓ. 100. நீங்கள் சொல்லும் தளம் ரா கோப்பை (ஜேபெக்காக மாற்றும் முன் சென்சார் தந்த பதிவு) வைத்து இப்படித்தான் அளக்கிறது. ஜப்பானின் கேமராத் துறைச் சங்கமான சிபா கொண்டுவந்து, 2006இல் தரவிதியில் சேர்ந்த முறை ராவைப் பார்ப்பதே இல்லை. கேமரா தரும் ஜேபெக்கில் நடுச்சாம்பல் நிறம் (கருப்பு 0, வெள்ளை 255 என்ற அளவில்) 118 என்று வந்தால் சரி. அதே ஆண்டு சேர்ந்த இன்னொன்று, 'இந்த எண்ணை வைத்து எடுங்கள், படம் நன்றாக வரும்' என்று தயாரிப்பாளரே பரிந்துரைப்பது. உங்கள் கேமராவில் எந்த முறை என்று அறிய, படக் கோப்போடு சேர்ந்து பதிவாகும் எக்ஸிஃப் தகவலில் 'சென்சிடிவிட்டி டைப்' இருக்கிறதா பாருங்கள். 1 என்றால் ஜேபெக் அளவு, 2 என்றால் பரிந்துரை.

இப்போது மேகம், வெள்ளைச் சட்டை போன்றவை வெளுத்துப் போகக்கூடாது என்று நினைக்கும் கம்பெனி, சென்சார் சிக்னலைக் குறைவாகப் பெருக்கிவிட்டு, நடுப்பகுதியை மட்டும் ஜேபெக் செய்யும்போது தூக்கிக் கொடுக்கும். ஜேபெக் சரியான வெளிச்சத்தில் வரும், ஆனால் ராவை அளந்தால் 400 என்பது 280 ஆகத் தெரியும். அந்த அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு அல்லது பாதி) வெளிச்சமான இடங்களுக்காக ஒதுக்கி வைத்தது. என்னைக் கேட்டால் அது நல்ல காரியம்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் சென்சார் கூடுதல் ஒளியைப் பிடிப்பதில்லை. பிடித்த ஒளியைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஒரு பிக்ஸலில் ஒளியால் 10,000 எலக்ட்ரான் சேர்ந்தால் ஒளியின் இயல்பாலேயே வரும் ஏற்ற இறக்கம் 100, அதாவது நூறில் ஒரு பங்கு; 100 எலக்ட்ரான்தான் சேர்ந்தது என்றால் ஏற்ற இறக்கம் 10, பத்தில் ஒரு பங்கு. இருட்டில் எடுத்த படம் புள்ளி புள்ளியாக இருப்பதற்கு இதுதான் பெரிய காரணம். சென்சாரின் நிஜமான திறன், விழும் ஃபோட்டான்களில் (ஒளித்துகள்களில்) எத்தனை சதவீதத்தை எலக்ட்ரானாக மாற்றுகிறது என்பதில் இருக்கிறது. தொழிற்சாலைக் கேமராக்களுக்கு இ.எம்.வி.ஏ. 1288 என்ற தரவிதிப்படி இதை அளந்து வெளியிடுகிறார்கள். நாம் கடையில் வாங்கும் கேமராப் பெட்டியிலும் இதை அச்சிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

வீட்டில் ஒப்பிட வேண்டுமானால் முதலில் லென்ஸைக் கவனியுங்கள். லென்ஸின் திறப்பைச் சொல்லும் எஃப் எண் வெறும் வடிவக் கணக்கு, கண்ணாடி தின்றுவிடும் ஒளி அதில் சேராது (அதனால்தான் சினிமா லென்ஸில், உண்மையில் கடந்து வரும் ஒளியைக் கணக்கில் கொள்ளும் டி எண் போடுகிறார்கள்). முடிந்தால் ஒரே லென்ஸை இரண்டிலும் மாட்டுங்கள். மாறாத பகல் வெளிச்சத்தில் வெள்ளைச் சுவர், மேனுவல் மோடு, ரா கோப்பு, இரண்டிலும் ஒரே ஐ.எஸ்.ஓ.; ஷட்டர் நேரத்தை மூன்றில் ஒரு ஸ்டாப்பாகக் கூட்டிக்கொண்டே போய், பச்சை நிறம் எந்த நேரத்தில் நிரம்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பல்ப் வெளிச்சத்தில் செய்ய வேண்டாம், பல எல்.இ.டி. விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பதால் கணக்கு தப்பிவிடும்.