மறுமொழி: சுவரில் ஒட்டிய காகிதப் பட்டாம்பூச்சிகள் இறக்கை தொங்கி விழுகின்றன

ஏ4 கலர் பேப்பரில் மடித்துச் செய்த 12 பட்டாம்பூச்சிகளை டிஸ்டெம்பர் (தண்ணீரில் கலந்து அடிக்கும் பூச்சு) சுவரில் டபுள் சைடு டேப்பால் ஒட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். மழைக்காலம் வந்ததும் இறக்கை தொங்கி, ஒவ்வொன்றாக விழுகிறது. இதில் இரண்டு கோளாறு இருக்கிறது.

விழுவதற்குக் காரணம் சுவர். டேப்பைப் பிய்த்து அதன் பின்பக்கம் பாருங்கள், வெள்ளைப் பொடி அப்பியிருக்கும். டிஸ்டெம்பர் இப்படி உதிர்ந்துகொண்டிருக்கும்வரை எந்த டேப்பும் நிற்காது. பட்டாம்பூச்சிகளை 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டில் (நடுவில் நுரை வைத்த லேசான அட்டை) ஒட்டி, போர்டை ஆணியில் மாட்டுங்கள்.

தொங்குவதற்குக் காரணம் காகிதம். ஜெராக்ஸ் கனம், அதாவது 70, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), ஈரக்காற்றில் விறைப்பை இழக்கும். 100 முதல் 120 ஜிஎஸ்எம் வாங்குங்கள். இழைத் திசையும், அதாவது காகிதத்தின் நார்கள் ஓடும் திசையும் முக்கியம், பலரும் இதைக் கவனிப்பதே இல்லை. தாளை மடிக்காமல் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். இழைக்கு இணையாக வளைத்தால் எளிதாக வளையும். இழை உடலிலிருந்து இறக்கை நுனியை நோக்கி ஓடவேண்டும், அப்போதுதான் இறக்கை விறைப்பாக நிற்கும். ஒரு ஏ4 தாளில் 10.5 சென்டிமீட்டர் சதுரம் நான்கு வரும். வெட்டியதுமே இழைத் திசையைப் பென்சிலால் குறித்துவிடுங்கள்.

போர்டில் ஒட்டும்போது ஃபெவிக்காலை உடலின் நடுக்கோட்டில் மட்டும், தீக்குச்சி நுனியால் மெலிதாகத் தடவுங்கள். இறக்கையில் பட்டால் அந்த ஈரத்திலேயே சுருங்கிவிடும். காய்ந்தபின் கிளியர் அக்ரிலிக் ஸ்பிரே, 30 சென்டிமீட்டர் தள்ளி, மெலிதாக இரண்டு பூச்சு. கிட்டே வைத்து அடித்தால் காகிதம் நனைந்து மடிப்பு திறந்துகொள்ளும். நேர்வெயில் படும் சுவர் மட்டும் வேண்டாம், சாதாரணக் கலர் பேப்பர் சீக்கிரம் வெளுத்துவிடும்.