ஆளுமைக் கோளாறுக்குப் பேச்சு சிகிச்சை போதுமா?

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. தோழி போனை எடுக்காவிட்டால்கூட உலகமே முடிந்ததுபோல் அழுகிறாள். இரண்டு முறை கையைக் கீறிக்கொண்டாள். ‘பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு’ என்று சொன்ன டாக்டர், மாத்திரையைக் குறைத்துவிட்டு ஒரு வருடம் பேச்சு சிகிச்சைக்கு வரச் சொல்கிறார். பேசினால் சரியாகுமா?

பதில்: அந்த டாக்டரை மாற்றிவிடாதீர்கள், அம்மா. உணர்ச்சிகள் அளவுக்கு மீறிப் பொங்குவதும், கைவிட்டுவிடுவார்களோ என்ற பயமும்தான் இந்தக் கோளாறின் அடையாளம். இதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. கூடவே மனச்சோர்வு இருந்தால் அதற்குக் கொடுப்போம். முதன்மைச் சிகிச்சை பேச்சுதான்.

பேச்சு என்றால் அறிவுரை இல்லை. அது வீட்டிலேயே தாராளமாகக் கிடைத்திருக்கும். இது பயிற்சி. அதிகம் ஆராயப்பட்ட முறை ‘டிபிடி’ (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி): பொங்கும் உணர்ச்சிகளைச் சமாளிக்கக் கற்றுத்தரும் சிகிச்சை. அமெரிக்காவின் சியாட்டிலைச் சேர்ந்த உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கியது. 1991-இல் முதல் ஒப்பீட்டு ஆய்வு வந்தது. இளம் வயதில் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனையில் இருந்தவர் தான் என்பதை 2011-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

வாரம் ஒருமுறை தனியாக, இன்னொரு முறை குழுவாக வகுப்பு நடக்கும். கோபம், கீறிக்கொள்ளும் உந்துதல் எவ்வளவு இருந்தது என்று தினமும் ஓர் அட்டையில் மதிப்பெண் போட வேண்டும். அதில் ஒரு நாளை எடுத்துப் பிரிப்போம். மதியம் சாப்பிடவில்லை, முந்தைய இரவு தூக்கமில்லை, தோழி போனை எடுக்கவில்லை, ‘என்னைக் கைவிட்டுவிட்டாள்’ என்ற எண்ணம், அப்புறம் பிளேடு. இந்தச் சங்கிலியை எங்கே அறுத்திருக்கலாம்? உந்துதல் உச்சத்தில் இருக்கும்போது குளிர்ந்த நீரில் முகத்தை அமிழ்த்துவதும் ஒரு பயிற்சி. இதயத் துடிப்பு தணியும். (இதயக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் செய்யக் கூடாது.)

உங்கள் பங்கும் இருக்கிறது. “இதுக்குப் போயா அழறே?” என்று கேட்காதீர்கள். “அவள் போனை எடுக்காதது உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு, இல்லையா?” என்று சொல்லிப் பாருங்கள். வலியை ஒப்புக்கொள்வது வேறு, கேட்டதையெல்லாம் கொடுப்பது வேறு. இரண்டாவது வேண்டாம்.

முதல் சில மாதங்கள் ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கும். “பிரயோஜனம் இல்லை” என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் அதிகம். பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், பெரும்பாலானோர் நன்றாகத் தேறியிருக்கிறார்கள். கீறிக்கொள்வது பெரும்பாலும் முன்னதாகவே அடங்கிவிடும். தனிமைப் பயம் போக நாளாகும்.

மாத்திரைகளை உங்கள் பொறுப்பில் வையுங்கள். சாவைப் பற்றிப் பேசினால், “சும்மா மிரட்டுகிறாள்” என்று விடாதீர்கள். அன்றே டாக்டரைப் பாருங்கள். நள்ளிரவு என்றால் அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி இலவச எண் 14416-ஐக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.