கூடைப்பந்தில் எதிரணியின் ஆட்ட அழைப்பை எப்படி முன்கூட்டியே அறிந்து முறியடிக்கிறார்கள்?

பந்தைக் கொண்டுவரும் வீரர் ஒரு சொல்லைக் கூவியோ விரலால் சைகை காட்டியோ, யார் எங்கே ஓட வேண்டும் என்று தன் அணிக்குத் தெரிவிப்பதே ஆட்ட அழைப்பு. எதிரணி அதைப் புரிந்துகொண்டு, நகர்வு தொடங்கும் முன்பே வழியை அடைத்துவிடுவதுதான் முறியடிப்பு.

வட அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் அணி ஒவ்வொன்றும் வழக்கமான பருவத்தில் 82 ஆட்டங்கள் ஆடுவதாலும், அவை அனைத்தும் பதிவாவதாலும், எந்தச் சைகைக்குப் பின் எந்த நகர்வு வந்தது என்பதை எதிரணிக்காக ஆட்டங்களைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் உளவாளர்கள் பொறுமையாகத் தொகுத்துவிடுகிறார்கள். முன்னே செல்லும் வண்டியின் திருப்ப விளக்கைக் கண்டதும் அது எந்தப் பக்கம் திரும்பும் என்று நாம் அறிவதைப் போன்றதே இது.

உதாரணமாக, மூலையில் நிற்கும் வீரர், சக வீரர் அசையாமல் நின்று போடும் தடுப்பைச் சுற்றி மேலே, அதாவது கூடையிலிருந்து விலகி, ஓடிவந்து பந்தெறிய வேண்டும் என்பது திட்டமானால், அதை அறிந்த தடுப்பாட்டக்காரர் அவருக்குப் பின்னால் ஓடாமல், அவருக்கும் அந்தத் தடுப்புக்கும் நடுவே முன்னதாகவே நின்றுகொள்வார். பந்தெறிய இருப்பதே 24 நொடிகள். அதில் சில வீணானாலே திட்டம் சிதையும். எதிரணியின் ஆட்டத்தை உரக்கச் சொல்லித் தன் தோழர்களை நகர்த்துவதில் என்.பி.ஏ. வீரர் டிரேமண்ட் கிரீன் பெயர்பெற்றவர். ஆனால் நல்ல அணிகள் மாற்று வழியும் வைத்திருக்கும்: மேல்வழி அடைபட்டால் அந்த வீரர் சட்டென்று கூடையை நோக்கிப் பாய்வார்.

இதை ஏமாற்று வேலை என்று சிலர் எண்ணலாம். ஆனால் அரங்கில் எல்லோருக்கும் கேட்கும்படி கூவியதைக் கேட்டுப் புரிந்துகொள்வது விதிமீறல் அன்று.